எழுதாத நேரம்: புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபின் காவல் நிலையத்தில் என்ன மாறியது?

“மாமா, ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. எல்லாம் போயி புதுச் சட்டம் வந்தாச்சு. புத்தகத்துல எல்லாம் மாறிருக்கு. ஸ்டேஷன்ல என்ன மாறிருக்கு? நம்பர் மட்டும்தானா?” என்று எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அக்கா மகன் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருபது வருடமாகக் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன் நான். போலீஸை எதிர்த்தும் நின்றிருக்கிறேன், போலீஸ்காரர்களுக்காகவும் நின்றிருக்கிறேன்.

சுருக்கமாகக் கேட்டால் இவ்வளவுதான் மாப்ளே: போலீஸ் எழுதி வைத்துச் செய்கிற வேலை நிறையவே மாறியிருக்கிறது. எழுதாமல் செய்கிற வேலை அப்படியே இருக்கிறது. இனி விளக்கம்.

முதலில் என்ன வந்தது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத்தொடர் அது. நாடு முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனையும் தொடுகிற மூன்று சட்டங்கள் அப்படி ஒரு அவையில் நிறைவேறியது சரியில்லை என்பதுதான் அன்றும் இன்றும் என் கருத்து. டிசம்பர் 25-ம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து, 2024 ஜூலை 1 முதல் அமல்.

நம் கோர்ட் வளாகத்தில் யாரும் அந்த முழுப் பெயர்களைச் சொல்வதில்லை. பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்றுதான் பேச்சு. தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவு இருந்தது, இப்போது 358. நடைமுறைச் சட்டம் 484-லிருந்து 531 ஆகியிருக்கிறது. ஸ்டேஷனின் அன்றாடத்தை மாற்றுவது நடைமுறைச் சட்டம்தான்; அதனால் நான் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள். அரசியல் சாசனத்தில் குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதாவது சட்டத்தை எழுதியது டெல்லி. அதை நடத்துகிற ஏட்டுக்குச் சம்பளம், போன், ஜீப், டீசல் எல்லாம் கொடுக்க வேண்டியது மாநிலம். புதிய சட்டம் ஸ்டேஷன் தலையில் ஏற்றிய வேலைக்கும் ஸ்டேஷன் கையில் இருக்கிற வசதிக்கும் இடையே உள்ள தூரம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் சில மாதங்களில் நம்பர்தான் பிரச்சினை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்டேஷன் ரைட்டர் மேஜையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கும்: கொலைக்கு 302 இனி 103, கொலை முயற்சிக்கு 307 இனி 109, திருட்டுக்கு 379 இனி 303, மோசடிக்கு 420 இனி 318, கணவன் வீட்டுக் கொடுமைக்கு 498-ஏ இனி 85. ஊரே ஒரு வார்த்தையாகச் சொல்லிப் பழகிய 144 இப்போது 163. இதில் கஷ்டம் மனப்பாடம் செய்வது இல்லை, இரண்டு சட்டத்தையும் ஒரே நேரத்தில் நடத்துவதுதான். 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அந்த ஜூனில் நடந்த மோசடிக்கு இன்றைக்குப் புகார் வந்தால் குற்றப் பிரிவு பழையது, விசாரணை நடைமுறை புதியது. நீ வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்தும் இந்த இரட்டைக் கணக்கு உன்னோடு வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புகாரில் தொடங்குகிறேன், ஏனென்றால் சாதாரண ஆள் சட்டத்தை முதலில் சந்திக்கிற இடம் அதுதான்.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு நல்லதைச் செய்திருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று முன்பே ஒரு வழக்கம் இருந்தாலும், “இது எங்க லிமிட் இல்ல, அங்க போங்க” என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அலைய விடுவது நம் ஊரில் சகஜம். இப்போது அதற்குச் சட்டப்படி இடமில்லை. மின்னஞ்சலிலோ வேறு மின்னணு வழியிலோ தகவல் கொடுத்தால் மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகக் கொடுக்க வேண்டும். 193-வது பிரிவின்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பெல்லாம் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்க வருகிறவரை ஏதோ பிச்சை கேட்க வந்தவர் போல வாசலில் நிறுத்தி வைப்பார்கள். இப்போது பதில் சொல்வது ஸ்டேஷனின் கடமை.

ஆனால் அதே 173-ல் மூன்றாவது உட்பிரிவு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை நீ நன்றாகப் படிக்க வேண்டும். மூன்று வருடமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தி, வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தது: போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். புகாரைப் படித்தால் அப்படி ஒரு குற்றம் தெரிகிறதா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்க்க மட்டுமே முன்விசாரணை. புகார் உண்மையா என்று பார்க்க அல்ல. புதிய பிரிவு அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறது. எந்தக் குற்றங்கள் இந்த மூன்று முதல் ஏழு வருடக் கணக்குக்குள் வருகின்றன என்று பார். சாதாரணத் திருட்டு, கழுத்து நகையைப் பறித்துக்கொண்டு ஓடுவது, ஆயுதத்தால் காயப்படுத்துவது, கணவன் வீட்டுக் கொடுமை, நம்பிக்கை மோசடி. ஏழைபாழைகள் ஸ்டேஷன் படி ஏறுவதே இவற்றுக்காகத்தானே!

நம் தமிழ்நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது: சி.எஸ்.ஆர். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு மனு ரசீது கொடுத்து அனுப்பிவிடுவது. என்னிடம் வந்த பூ விற்கிற அம்மா ஒருவர், கழுத்தில் கிடந்த இரண்டு பவுனைப் பைக்கில் வந்தவன் பறித்துக்கொண்டு போய்விட்டான் என்று புகார் கொடுத்திருந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சி.எஸ்.ஆர். ரசீதை எடுத்துக் காட்டி, “கேஸ் போட்டுட்டாங்க சார், சீட்டு கொடுத்திருக்காங்க” என்றார். அது கேஸ் இல்லை என்று அவருக்கு விளக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. ரசீது வாங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. டி.எஸ்.பி. அனுமதி கேட்ட காகிதமும் இல்லை, 14 நாள் கணக்கும் இல்லை. சட்டம் சொன்ன 14 நாளை ஸ்டேஷன் தன் பழைய சி.எஸ்.ஆர். பழக்கத்தோடு சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தது. எஸ்.பி.க்கு மனு அனுப்பிய பிறகுதான் எஃப்.ஐ.ஆர். வந்தது. நீ நாளைக்கு நிலைய அதிகாரியாக உட்காரும்போது 173(3)-ஐப் பயன்படுத்த வேண்டியிருந்தால், அனுமதி கடிதத்தைத் தேதி போட்டு வாங்கி, பதினான்காவது நாள் முடிவை எழுது. அது இல்லாமல் தள்ளிப் போடுவது சட்டம் கொடுத்த வசதி ஆகாது.

இதே உட்பிரிவுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதையைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததற்குப் போட்ட எஃப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில், அந்தத் தண்டனை அளவுக்குள் வருமானால், முதலில் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று சொன்னது. யாரோ மனம் புண்பட்டதாகச் சொன்ன உடனே ஒரு பையனை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்குவதற்கு இது ஒரு தடை.

அப்புறம் செல்போன். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தில் மிகப் பெரிய மாற்றம் 105-வது பிரிவுதான். சோதனை போடுவது, பொருளைக் கைப்பற்றுவது, பட்டியல் எழுதுவது, சாட்சிகள் கையெழுத்துப் போடுவது எல்லாவற்றையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். கூடுமானால் செல்போனிலேயே செய்யலாம். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மகஜர் என்றால், பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னால் எழுதிக் கையெழுத்து வாங்குகிற காகிதம் என்று உனக்குப் புத்தகத்தில் தெரியும். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சி; இடம் ஒரு பாலத்தடி; நேரம் விடியற்காலை 5.30, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், தானாக முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து, புதருக்குள் மறைத்து வைத்திருந்த அரிவாளை எடுத்துக் கொடுக்கிறான். இருபது வருடமாக நான் படித்த நூற்றுக்கணக்கான மகஜர்களில் அதே பாலம், அதே புதர், அதே 5.30. குறுக்கு விசாரணையில் கேட்டால், “ஸ்டேஷன்ல கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன்” என்று சாட்சி சொல்லிவிடுவார். கேஸ் அங்கேயே சாய்ந்துவிடும். நிஜமாகவே குற்றம் செய்தவனும் இப்படித்தான் தப்பித்துப் போனான்; செய்யாதவன் தலையில் கட்டியதும் இந்த மகஜர்தான்.

போன வருடம் ஒரு கஞ்சா வழக்கில் முதல் தடவையாக அப்படி ஒரு பதிவை முழுதாகப் பார்த்தேன். பதினோரு நிமிடம். எஸ்.ஐ. போனைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டுப் பையைத் திறக்கிறார். பின்னால் ஒரு நாய் விடாமல் குரைக்கிறது. எடைக் கருவியை வைக்க இடமில்லாமல் திண்ணையில் கிடந்த உரலின் மேல் வைக்கிறார்கள். சாட்சி ஒருவர் கையெழுத்துப் போடும்போது, “தேதி இன்னிக்கா போடணும்?” என்று கேட்கிறார். என் கட்சிக்காரர் ஓரத்தில் நிற்கிறார், கையில் காயம் இல்லை, அழவில்லை. அதைப் பார்த்த பிறகு, பை அவருடையது இல்லை என்ற வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கைப்பற்றியதே பொய் என்ற வாதத்தை நான் விட்டுவிட்டேன். வீடியோ என் வாதத்தில் பாதியை எடுத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. உண்மையான சோதனையை உண்மையாகக் காட்ட முடிகிற போலீஸ்காரருக்கு இந்தப் பிரிவு பெரிய பலம்.

ஆனால் நடைமுறையில் என்ன சிக்கல் தெரியுமா? யார் போனில் எடுப்பது? பல இடங்களில் கான்ஸ்டபிள் தன் சொந்தப் போனில் எடுக்கிறார். அதில் அவர் பிள்ளை பிறந்தநாள் படமும் இருக்கிறது, கொலை நடந்த இடத்து வீடியோவும் இருக்கிறது. சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. ‘அ’ பகுதி கருவியை வைத்திருந்தவர் கொடுப்பது, ‘ஆ’ பகுதி நிபுணர் கொடுப்பது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட ஹாஷ் எண்ணும் குறிப்பிட வேண்டும். இதற்காகத் தேசிய தகவலியல் மையம் இ-சாக்ஷ்யா என்ற செயலியை உருவாக்கியிருக்கிறது. எடுத்த இடமும் நேரமும் பதிவோடு சேர்ந்து ஏறும். மலையடிவாரத்து ஸ்டேஷனில் சிக்னல் இல்லை என்றால் அந்தக் கோப்பு ஏறுகிறவரை அதே போனில்தான் கிடக்கும். தாமதமில்லாமல் என்ற சொல்லுக்கு எத்தனை மணி நேரம் என்று சட்டம் சொல்லவில்லை. பதிவே செய்யாவிட்டால் சோதனை செல்லாது என்றும் அந்தப் பிரிவில் எழுதவில்லை. அதனால் விருப்பமிருக்கிற அதிகாரி எடுக்கிறார், இல்லாதவர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிறார்.

தடயவியலும் இதே கதைதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது 176(3). நல்ல விதி. ஆனால் எந்தத் தேதியிலிருந்து என்பதை மாநில அரசு ஐந்து வருடத்துக்குள் அறிவித்தால் போதும். ஆளும் வண்டியும் ஆய்வகமும் தயாராக வேண்டும் என்பதற்காகக் கொடுத்த அவகாசம் அது. நிபுணர் வரும் வரை சம்பவ இடத்தில் ஊரே நடந்துவிடாமல் கயிறு கட்டிப் பார்த்துக்கொள்வது கான்ஸ்டபிள்தான். அதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை, பயிற்சி போதும்.

இனி எனக்குக் கவலை தருகிற இடத்துக்கு வருகிறேன்: போலீஸ் காவல்.

பழைய 167-வது பிரிவில், கைதானவரைப் போலீஸ் தன் காவலில் எடுப்பது முதல் 15 நாளுக்குள் மட்டும்தான் என்று 1992-ல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அந்த 15 நாள் போய்விட்டால் அப்புறம் நீதிமன்றக் காவல் மட்டுமே; ஜெயிலில் இருப்பான், ஸ்டேஷனுக்கு வரமாட்டான். ஜெயில் ஒன்றும் சொர்க்கம் இல்லைதான். ஆனால் அடிபடுவோம் என்ற பயம் பதினாறாவது நாள் காலையில் தீர்ந்தது. புதிய 187-ல் மொத்தம் 15 நாள்தான், கூடவில்லை. ஆனால் அதைப் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். குற்றப்பத்திரிகை போட 60 நாள் அவகாசம் உள்ள வழக்கு என்றால் முதல் 40 நாளுக்குள், 90 நாள் உள்ள வழக்கு என்றால் முதல் 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும்.

விசாரணை அதிகாரி கோணத்தில் இதற்கு நியாயம் இருக்கிறது. பிடிபட்டவன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு 15 நாளையும் கழித்துவிடுகிற கதையும், இருபதாவது நாள் புதிதாக ஒரு வங்கிக் கணக்கு கிடைத்துக் கேட்க ஆளில்லாமல் நிற்கிற கதையும் நிஜம்தான். ஆனால் ஜெயிலில் இருப்பவனுக்கு இது என்ன செய்கிறது என்று பார். நாற்பது நாளும் அவன் திரும்பப் போலீஸ் கைக்குப் போகலாம். மாஜிஸ்திரேட் முன்னால், “அடிச்சாங்க ஐயா” என்று சொல்ல நினைக்கிறவன், நாளை மறுநாள் திரும்ப அதே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் சொல்வானா? ஜாமீன் மனு போடும்போது, போலீஸ் காவல் இன்னும் பாக்கியிருக்கிறது என்று அரசுத் தரப்பு எழுந்து நிற்கும். அது ஒன்றே ஜாமீனை மறுக்கக் காரணமாகாது என்று 480-வது பிரிவில் ஒரு வரம்பு எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை ஒவ்வொரு ஜாமீன் மனுவிலும் நான் அடிக்கோடிட்டு வைக்கிறேன், ஏனென்றால் அவசர நேரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கைவிலங்கும் அப்படித்தான். 1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கைவிலங்கு மாட்டுவதை விதிவிலக்காக மட்டுமே அனுமதித்தார். காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றார். புதிய 43(3), அடிக்கடி குற்றம் செய்கிறவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, போதைப்பொருள் என ஒரு பட்டியலைப் போட்டு, அவர்களைக் கைது செய்யும்போதும் கோர்ட்டுக்குக் கொண்டு வரும்போதும் விலங்கு பயன்படுத்தலாம் என்கிறது. முதலில் வந்த மசோதாவில் பொருளாதாரக் குற்றங்களும் இருந்தன. நாடாளுமன்றக் குழு சொன்ன பிறகு எடுத்துவிட்டார்கள். பணம் வைத்து ஏமாற்றியவர் கைக்கு விலங்கில்லை, இரண்டாவது தடவை ஆடு திருடியவனை அடிக்கடி குற்றம் செய்பவன் என்று காட்டி விலங்கு மாட்டலாம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

172 என்ற பிரிவைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் தெருவில் தினமும் பயன்படக்கூடியது அதுதான். போலீஸ்காரர் தடுப்பு நடவடிக்கையாகக் கொடுக்கிற சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். படியாதவரைப் பிடித்து வைக்கலாம், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், சின்ன விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். மண்டபத்தில் வைத்து மாலையில் விடுகிற போராட்டக் கைது நமக்குப் பழக்கமானது. அதற்கு ஒரு சட்டப் பெயர் கிடைத்திருக்கிறது. பிடித்தது கைதா இல்லையா என்று சொல்லாமல் ஒருவரை வைத்திருக்க ஒரு இடம் உருவாகியிருக்கிறது.

தண்டனைச் சட்டத்தில் புதிதாக வந்த 111, 112, 113 பற்றி ஒரு வார்த்தை. ஒருங்கிணைந்த குற்றம், சிறு ஒருங்கிணைந்த குற்றம், பயங்கரவாதச் செயல். சூதாட்டம், டிக்கெட்டைக் கள்ளத்தனமாக விற்பது, நகை பறிப்பு எல்லாமே கும்பலாகச் செய்தால் 112-ல் ஏழு வருடம் வரை போகலாம். 113-ஐப் போடுவதா, உபா (யு.ஏ.பி.ஏ.) என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைப் போடுவதா என்று முடிவெடுக்கிற பொறுப்பு எஸ்.பி.யிடம் இருக்கிறது. ஆனால் நம் மாநிலத்தில் ஒரு ரவுடியை உள்ளே வைக்க வேண்டும் என்று ஸ்டேஷன் நினைத்தால் முதலில் எடுப்பது 1982-ம் ஆண்டின் 14-ம் எண் தமிழ்நாடு சட்டத்தை, அதாவது கூண்டாஸை. விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை தடுப்புக் காவல். டெல்லியில் மூன்று சட்டம் மாறியதால் கூண்டாஸின் இந்த அதிகாரம் போய்விடவில்லை. தேசியச் சட்டம் வந்தது, போலீஸ் மாறியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த எழுதாத நேரத்துக்கு வருகிறேன் மாப்ளே.

சட்டத்தில் இருக்கிற எல்லாப் பாதுகாப்பும் கைது என்ற வார்த்தை காகிதத்தில் எழுதப்பட்ட நிமிடத்திலிருந்துதான் ஓட ஆரம்பிக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்; கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும்; காரணத்தைச் சொல்ல வேண்டும்; குடும்பத்துக்குத் தெரிவித்து அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்; மருத்துவப் பரிசோதனை வேண்டும்; வழக்கறிஞரைப் பார்க்கலாம். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகளிலிருந்து வளர்ந்தவைதான் இவற்றில் பெரும்பாலானவை. ஆனால் நம் ஊரில் யாரும் கைது என்று சொல்லி வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. “சும்மா விசாரணைக்குத்தான், வந்துட்டுப் போயிரட்டும்” என்பார்கள். சீருடை இருக்காது, வண்டியில் பெயர் இருக்காது, தனிப்படை என்பார்கள். போன ஆள் மூன்று நாள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில், அன்று காலைதான் பிடிபட்டதாக ரிமாண்ட் அறிக்கையில், அதாவது காவலில் வைக்கக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போலீஸ் கொடுக்கிற காகிதத்தில், வருவான். அந்த மூன்று நாள் எந்த நாட்குறிப்பிலும் இருக்காது.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் அடிபட்டு இறந்தது உனக்குத் தெரியும். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அந்த வருடம் டிசம்பரில், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்புறம் புதிய சட்டமும் வந்தது. அது வந்து ஒரு வருடம் நிறைகிற நேரத்தில், 2025 ஜூனில், திருப்புவனம் அருகே மடப்புரத்தில் நகை காணோம் என்ற புகாரில் கோயில் காவலாளியான ஓர் இளைஞர் தனிப்படைப் போலீஸார் விசாரணையில் இறந்துபோனார். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி இறங்கியது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. போலீஸார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவரை அடித்ததைக் காட்டிய வீடியோ ஒன்று வெளியே வந்தது. அதைப் போலீஸ் எடுக்கவில்லை. ஒளிந்து நின்ற ஒருவர் தன் போனில் எடுத்தது. சோதனையை வீடியோ எடு என்று சொன்ன சட்டம், விசாரிப்பதை வீடியோ எடு என்று சொல்லவில்லை.

இந்த நேரத்தைப் பிடிக்கச் சட்டத்தில் சில கொக்கிகள் இருக்கின்றன. நீ ஸ்டேஷனுக்கு உள்ளே இருந்து அவற்றைக் காப்பாற்றப் போகிறவன் என்பதால் சொல்கிறேன். விசாரணைக்கு வரச் சொல்வதென்றால் 35(3)-ன் கீழ் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று வருடத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்கில், அறுபது வயது தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்கிறது 35(7). இது புதிது, நல்லது. சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயது தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்குத்தான் போய்க் கேட்க வேண்டும் என்கிறது 179. போலீஸ் காவலில் இருப்பவரைக் காவல் நிலையத்தைத் தவிர வேறெங்கும் வைக்கக் கூடாது என்று 187-லேயே எழுதியிருக்கிறது. லாட்ஜ், தோட்டத்து வீடு, மாட்டுக் கொட்டகை எதுவும் சட்டத்துக்குத் தெரியாது. 37-வது பிரிவின்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏ.எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றம் இவற்றைப் பராமரித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பலகையில் வைக்க வேண்டும். நான் போகிற ஸ்டேஷன்களில் அந்தப் பலகையைத் தேடிப் பார்ப்பேன். ஒரு இடத்தில் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் பலகை இருக்கிறது, எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியோடு.

தேர்வில் இதையெல்லாம் கேட்பார்கள், எழுதிவிடுவாய். வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் ராத்திரி, மேலே இருந்து ஒருவர், “அவனைத் தூக்கிட்டு வா, ஜி.டி.யில ஏத்த வேணாம்” என்பார். ஏட்டய்யா உன் முகத்தைப் பார்ப்பார். அந்த இடத்தில் ஜி.டி. என்கிற பொது நாட்குறிப்பில் நேரம் போட்டு ஒரு வரி எழுதுவதற்கு உனக்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. அந்த ஒரு வரி இருந்தால் அவனுடைய 24 மணி நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அவனுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு என்பதும் தெரிந்துவிடும். உன்னையும் அது காப்பாற்றும்.

வெளியே இருப்பவர்களுக்கும் இதே வேலைதான். யாரையாவது கூட்டிப் போனால் வந்தவர் பெயர், வண்டி எண், நேரம் மூன்றையும் குறித்து வைத்து, உடனே எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலில் பதிகிற நேரத்தை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

போன ஆடியில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரியும். மகனைக் கூட்டிப் போன ராத்திரி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில், “9.20 வெள்ள வண்டி 3 பேரு” என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ரிமாண்ட் அறிக்கையில் கைது மறுநாள் மாலை 6 மணி, பைபாஸ் ரோடு என்று இருந்தது. அந்தத் தாளை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்தில் அச்சடித்திருந்த தேதியைச் சத்தமாக வாசித்தார். பிறகு பையனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் இருந்ததை அவரே உத்தரவில் எழுதி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். தாள் இப்போது அந்த வழக்குக் கட்டில் நூல் போட்டுத் தைத்து இருக்கிறது.